சிறு மானியம்: சோற்று நெல்லா, விதைநெல்லா?

கமக்காரக் குடும்பத்துக்கு நெல்லைப் பற்றிப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சோற்றுக்கு வைத்த நெல்லும் விதைப்புக்கு வைத்த நெல்லும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆயினும் வீட்டில் எவ்வளவு தட்டுப்பாடு வந்தாலும் விதைநெல் மூடையை அவிழ்க்க மனம் வராது. அதைக் குத்தி உலையிலிட்டால் ஒரு கிழமை வயிறு நிறையும். அடுத்த போகம் வயல் வெறுமையாய்க் கிடக்கும்.

வெளியிலிருந்து நம்மிடம் வரும் பணத்திலும் இந்த இரண்டு வகையும் உண்டு. சில பணம் சோற்று நெல். அதை உண்ண வேண்டிய வேளையில் உண்ண வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சில பணம் விதைநெல். வீடற்றோரும் சமூகத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டோரும் தமக்குள் கூடி அமைக்கும் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுக்கப்படும் சிறு மானியம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அது எவ்வாறு பயன் தருகிறது, எங்கே பயன் தராமற் போகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிவாரணம், கடன், மானியம்

காணியையும் கிணற்றையும் விட்டு வந்து, முகாமிலோ உறவினர் வளவிலோ வாழ நேர்ந்தவர்கள் நிவாரணத்தை நன்கு அறிவார்கள். அரிசி, மா, பருப்பு, சீனி, தறப்பாள் என்று அது வரும். உயிரைக் காக்க அது அவசியம். ஆனால் நிவாரண வரிசையில் ஒவ்வொருவரும் தனித்தனியாகவே நிற்கின்றனர். என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் கொடுப்பவரே தீர்மானிக்கிறார்.

கடன் வேறு. அதில் பெறுபவருக்கு ஓரளவு சுதந்திரம் உண்டு. ஆனால் அடமானம் வைக்கக் காணி உறுதியோ, பிணை நிற்க அரசாங்க உத்தியோகத்தரோ தேவை. உறுதியைத் தொலைத்தவருக்கும், உறுதி இருந்தும் காணிக்குள் போக முடியாதவருக்கும் வங்கியின் கதவு எளிதில் திறப்பதில்லை.

சிறு மானியம் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது. அதற்கு நான்கு அடையாளங்கள் உண்டு. முதலாவது, கொடுத்தவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது, அது தனியாளுக்கன்றிக் குழுவுக்குக் கிடைக்கிறது. மூன்றாவது, அதை எதற்குச் செலவிடுவது என்பதைக் குழுவே தீர்மானிக்கிறது. நான்காவது, கணக்கையும் குழுவே வைத்துக்கொண்டு, தன் உறுப்பினருக்கும் கொடுத்தவருக்கும் காட்டுகிறது. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அது வேறொன்றாக மாறிவிடும். குழு தீர்மானிக்காவிட்டால் அது பழைய நிவாரணமே. கணக்கு இல்லாவிட்டால் அது யாரோ ஒருவருடைய சட்டைப்பைக்குப் போகும் காசு.

பம்பாய் நடைபாதையில் நடந்தது

இந்த வழிமுறை பெரிய அறிஞர்களின் மேசையில் பிறந்ததன்று. நிலமும் வீடும் இல்லாத மக்களிடமிருந்தே அது வளர்ந்தது. பம்பாய் நகரின் நடைபாதைவாசிகளின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

1981ஆம் ஆண்டு ஜூலை மாதம், மழைக்காலத்தின் நடுவே, நடைபாதைகளில் குடிசை கட்டி வாழ்ந்தவர்களை அகற்றும்படி மகாராஷ்டிர மாநில முதலமைச்சர் அந்துலே கட்டளையிட்டார். ஒல்கா டெலிஸ் என்ற பத்திரிகையாளரும் நடைபாதைவாசிகள் சிலரும் நீதிமன்றம் சென்றனர். 1985ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று அது ஏற்றுக்கொண்டது. ஆயினும் முறையாக அறிவித்தல் கொடுத்து, மழைக்காலம் கழிந்தபின் மாநகராட்சி அவர்களை அகற்றலாம் என்றும் கூறியது. தீர்ப்பில் பாதி இனிப்பு, பாதி கசப்பு.

அப்போது அந்த மக்கள் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? தங்களைத் தாங்களே எண்ணியதுதான். 1984இல் தொடங்கப்பட்ட ‘ஸ்பார்க்’ என்ற நிறுவனம் 1985இல் அவர்களோடு சேர்ந்து ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஏறத்தாழ 6,000 குடும்பங்கள், 27,000 பேர் அதில் பதிவாயினர். நடைபாதையில் கிடப்போர் நேற்று வந்த நாடோடிகள், வேலை செய்யாத சோம்பேறிகள் என்றெல்லாம் நகரம் நினைத்திருந்தது. கணக்கெடுப்பு வேறு விதமாகச் சொன்னது. அவர்களிற் பலர் வறுமை மிக்க கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். பல ஆண்டுகளாக அதே இடத்தில் வாழ்ந்தவர்கள். சுமை தூக்கியும், தெருவில் விற்றும், வீட்டு வேலை செய்தும் உழைத்து உண்டவர்கள்.

அடுத்து, 1986இல் பைக்குல்லாப் பகுதி நடைபாதைப் பெண்கள் ‘மகிளா மிலன்’ என்ற பெயரில் கூடினார்கள். பெண்களின் ஒன்றுகூடல் என்பது அதன் பொருள். நாளாந்தம் கிடைப்பதில் ஒரு ரூபா, இரண்டு ரூபா என்று சேமித்தார்கள். பிள்ளைக்குச் சுகவீனம், கணவனுக்கு வேலை இல்லை, குடிசையை உடைத்துவிட்டார்கள் என்ற நெருக்கடி வேளைகளில் அந்தச் சேமிப்பிலிருந்தே கடன் கொடுத்தார்கள். பங்கீட்டு அட்டை பெறுவதற்கு ஒன்றாகச் சென்றார்கள். பின்னர், தங்களுக்கு எத்தகைய வீடு வேண்டும் என்று தாங்களே அளந்து திட்டமிட்டார்கள். சுவரை 14 அடி உயர்த்தி, உள்ளே ஒரு பரண் வைத்தால் சிறிய அறையிலும் ஒரு குடும்பம் வாழலாம் என்பது அவர்களுடைய கணிப்பு. மரத்தாலும் துணியாலும் முழு அளவில் மாதிரி வீடு அமைத்து, அதிகாரிகளையும் அயலவரையும் அழைத்துக் காட்டினார்கள்.

அவர்களோடு நின்ற மற்றோர் அமைப்பு தேசிய குடிசைவாசிகள் சம்மேளனம். அதை வழிநடத்திய ஜொக்கின் அற்புதம் கோலார் தங்கவயலிற் பிறந்த தமிழர். தாம் வாழ்ந்த ஜனதா கொலனி 1976இல் இடிக்கப்பட்டதைக் கண்டவர். 2000ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்றார், 2018இல் காலமானார்.

வெளியிலிருந்து வந்த பணம் இந்தக் கதையில் எங்கே நின்றது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. மக்கள் தம்மை எண்ணினார்கள், சேமித்தார்கள், அளந்தார்கள். வெளிப் பணம் அந்த வேலைகளுக்குத் துணையாக வந்தது. சேமிப்பும் கணக்கெடுப்பும் இருந்தபடியால்தான் அவர்கள் அரசோடு பேச முடிந்தது. 1995இல் மாநில அரசின் கொள்கை, நடைபாதைவாசிகளுக்கும் மாற்றுக் குடியிருப்புப் பெறும் உரிமை உண்டு என ஏற்றுக்கொண்டது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் புகையிரதப் பாதை ஓரங்களில் வாழ்ந்த ஏறத்தாழ 60,000 பேர் இடம் மாற்றப்பட்டபோது, அந்த இடமாற்றத்தை ஒழுங்குபடுத்தியவர்கள் பொலிசார் அல்லர், இந்தக் குழுக்களே.

‘அக்கா’ கொடுத்த 3,000 டொலர்

பம்பாயிலும் வேறு நாடுகளிலும் கற்ற பாடங்களைக் கொண்டு, ஆசிய வீட்டுரிமைக் கூட்டமைப்பு 2008ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் நம் காதுக்கு ‘அக்கா’ என்றே விழும். அந்த அக்கா அள்ளிக் கொடுக்கவில்லை, அளந்துதான் கொடுத்தாள். ஒரு குடியிருப்பின் சிறு வேலை ஒன்றுக்கு ஆகக் கூடியது 3,000 அமெரிக்க டொலர். ஒரு நகரத்தில் குறைந்தது ஐந்து குடியிருப்புகளுக்கு என 15,000 டொலர். வீடமைப்புப் போன்ற பெரிய வேலை ஒன்றுக்கு 40,000 டொலர். ஐந்தாறு ஆண்டுகளில் 19 நாடுகளின் 215 நகரங்களில் இந்தத் திட்டம் இடம்பெற்றது. இலங்கையும் அவற்றுள் ஒன்று.

அந்தச் சிறு தொகையைக் கொண்டு மக்கள் செய்தவை நாம் அறிந்த வேலைகளே: நடைபாதை, வடிகால், தண்ணீர்க் குழாய், மலசலகூடம், சிறு பாலம், பொது மண்டபம். ஒரு பாலம் கட்ட 3,000 டொலர் போதுமா? பெரும்பாலும் போதாது. போதாமை இங்கே ஒரு குறையாகக் கருதப்படவில்லை. தொகை போதாது என்று தெரிந்தவுடன் மக்கள் கூடி யோசிக்கிறார்கள். கூலியைக் குறைக்கச் சிரமதானம் செய்கிறார்கள். மீதிப் பொருளுக்கு நகரசபையிடம் போகிறார்கள். கையில் பணமும் உழைப்பும் கணக்கும் வைத்துக்கொண்டு போகிறவரை நகரசபை எளிதில் திருப்பி அனுப்ப முடியாது. தொகை பெரிதாக இருந்திருந்தால் ஒப்பந்தக்காரர் வந்திருப்பார்; மக்கள் வேடிக்கை பார்த்திருப்பார்கள்.

பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்தும் ஓர் அனுபவம் உண்டு. மணிலாவை அடுத்த பயத்தாஸ் என்னும் குப்பைமேட்டில் குப்பை பொறுக்கி வாழ்ந்த மக்களிடையே, 1990களில் வின்சென்சியன் குருக்களின் சமூக நிறுவனம் ஒன்று சேமிப்புக் குழுக்களை அமைக்கத் துணைநின்றது. அவற்றிலிருந்து வீடற்ற மக்களின் கூட்டமைப்பு ஒன்று நாடளாவ வளர்ந்தது. 2000ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் திகதி பெருமழையில் அந்தக் குப்பைமேடு சரிந்து 200 பேருக்கு மேல் மாண்டனர். துயரத்தின் நடுவிலும் ஒன்று தெளிவாயிற்று: முன்னரே கூடிச் சேமித்துப் பழகிய மக்களால், பாதுகாப்பான காணி தேடி இடம் மாறும் பெரிய வேலையிலும் இறங்க முடிந்தது. பேரிடர் வந்தபின் குழு அமைப்பது கடினம். குழு இருக்கும் இடத்தில் பேரிடரைத் தாங்குவது சற்று எளிது.

நம் நாட்டு அனுபவம்

நம் நாட்டிலும் இதற்கு வேர்கள் உண்டு. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் 1906ஆம் ஆண்டு முதல் இங்கு இருந்து வருகின்றன. 1989இல் கொழும்பின் வறிய குடியிருப்புகளைச் சேர்ந்த பெண்கள் சிறு குழுக்களாகக் கூடி, கிழமைக்கு 5 ரூபா வீதம் சேமிக்கத் தொடங்கினார்கள். ஒரு குழுவில் 5 முதல் 15 பேர் வரை. 1991இல் அது கூட்டுறவுச் சங்கமாகப் பதிவாயிற்று. ‘காந்தா பேங்குவ’, அதாவது பெண்கள் வங்கி, என்று அதை அழைத்தனர். மேலே கூறிய ‘அக்கா’ திட்டம் பின்னாளில் இலங்கைக்கு வந்தபோது அதன் பங்காளிகளில் ஒருவராக நின்றது இந்தப் பெண்களின் கூட்டுறவே.

இன்னுமொன்று. பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் நடந்த காலத்தில், 1986ஆம் ஆண்டு, கொழும்பு வனாத்தமுல்லைக் குடியிருப்பில் கிணறு கட்டும் வேலையை வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடாமல் அந்த மக்களின் மன்றத்துக்கே கொடுத்தார்கள். இதைச் சமூக ஒப்பந்தம் என்றனர். கூலியும் ஊருக்கே, மிச்சமும் ஊருக்கே, கட்டியவரே குடிக்கும் தண்ணீராகையால் வேலையின் தரத்துக்கும் அதுவே பிணை. இன்று எமது கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் வீதி, மதகு, குளக்கட்டு வேலைகளை ஏற்கும்போது இதே தத்துவத்தையே பின்பற்றுகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விளக்கத்துக்காக ஒரு குழுவைக் கற்பனை செய்வோம். இடம்பெயர்ந்த 12 குடும்பங்கள் அதில் உள்ளன. ஒவ்வொரு குடும்பமும் கிழமைக்கு 100 ரூபா சேமித்தால் ஒரு கிழமையில் 1,200 ரூபா. 25 கிழமைகளில் 30,000 ரூபா. இந்த வேளையில் அவர்களுக்கு 120,000 ரூபா மானியம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கையில் 150,000 ரூபா.

முதல் வழி: மானியத்தைச் சமமாகப் பிரித்து எடுத்தல். ஒரு குடும்பத்துக்கு 10,000 ரூபா. பள்ளிக்கூடச் செலவு, பழைய கடன், ஒரு மூடை அரிசி. இரண்டு கிழமையில் முடிந்துவிடும். இவற்றில் எதுவும் வீண் செலவன்று. ஆயினும் விதைநெல் உலைக்குப் போயிற்று.

இரண்டாவது வழி: சுழல் நிதி. முதற் போகத்தில் ஆறு குடும்பங்கள் தலா 25,000 ரூபா எடுத்துக் குத்தகைக் காணியில் உளுந்தோ நிலக்கடலையோ வெங்காயமோ செய்கின்றன. அல்லது ஆடு வளர்க்கின்றன. அறுவடை முடிந்ததும் 25,000 ரூபாவையும், குழுவின் நிதிக்கு 1,000 ரூபாவையும் செலுத்துகின்றன. அடுத்த போகத்தில் மற்ற ஆறு குடும்பங்களின் முறை. இரண்டு போகம் முடியும்போது 150,000 ரூபா அப்படியே இருக்கும். மேலும் 12,000 ரூபா சேர்ந்திருக்கும். அந்த ஓராண்டுச் சேமிப்பு 62,400 ரூபா. ஆக மொத்தம் 224,400 ரூபா. பன்னிரண்டு குடும்பமும் ஒவ்வொரு முறை பயிர் செய்துமாயிற்று.

மழை பொய்த்தால்? கத்தரிக்காய்க்குப் பூச்சி அடித்தால்? சந்தையில் வெங்காயத்தின் விலை விழுந்தால்? இவை நடக்கும் என்று முதலிலேயே பேசி வைக்க வேண்டும். சேரும் 12,000 ரூபாவையும் சேமிப்பில் ஒரு பகுதியையும் நட்ட நிதியாக ஒதுக்கலாம். பயிர் அழிந்தவருக்கு அடுத்த போகம் வரை தவணை கொடுக்கலாம். இவற்றை நிம்மதியான வேளையில் எழுதி வைப்பது, சண்டை வந்தபின் பேசுவதைவிட நல்லது.

எல்லா மானியத்தையும் சுழல் நிதியாகத்தான் ஆக்க வேண்டும் என்பதில்லை. பாழடைந்த பொதுக் கிணற்றை இறைத்துத் திருத்துவதும், ஒரு நீரிறைக்கும் இயந்திரம் வாங்கிப் பொதுவில் வைப்பதும், தொலைந்த பிறப்புச் சான்றிதழ்களையும் காணிப் பத்திரங்களையும் எடுப்பதற்கு ஒன்றாக வாகனம் பிடித்துக் கச்சேரிக்குப் போவதும் விதைநெல்லே. ஒரு தரம் செலவிட்டால் பல தரம் பலன் தருமா என்பதே கேள்வி.

பணம் கெடுக்கும் வழிகள்

சிறு மானியம் சில இடங்களில் ஊரைச் சேர்க்காமல் பிரித்துவிட்டது என்பதையும் ஒளிக்காமல் பேச வேண்டும்.

1. பணத்துக்காகக் கூடிய குழு. நிறுவனத்தின் வாகனம் வருகிறது என்று கேள்விப்பட்டு ஒரே இரவில் அமையும் குழு, பணம் முடிந்த மறுநாள் கலைந்துவிடும். குழு முந்த வேண்டும். பணம் பிந்த வேண்டும். ஆறு மாதமாவது கூடிச் சேமித்த குழுவுக்கே மானியம் என்ற விதி கடுமையாகத் தோன்றலாம். உண்மையில் அது குழுவுக்குப் பாதுகாப்பு.

2. ஒருவரே எல்லாமாதல். தலைவரும் அவரே, பொருளாளரும் அவர் வீட்டில், வங்கிப் புத்தகமும் அவர் அலுமாரியில் என்றால், அவர் நேர்மையானவராக இருந்தாலும் சந்தேகம் பிறக்கும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் முன்னோர். வங்கியில் இருவர் கையெழுத்து, ஒவ்வொரு செலவுக்கும் பற்றுச்சீட்டு, மாதம் ஒருமுறை எல்லோர் முன்னும் காசேட்டை உரத்து வாசித்தல் ஆகிய மூன்றும் போதும். வாசிக்கத் தெரியாதவரும் காதால் கேட்டுக் கணக்குப் பார்ப்பார்.

3. ஓரத்திலும் ஓரத்தில் இருப்போரை விட்டுவிடுதல். குழு அமைக்கும்போது வசதியாகப் பழகக்கூடியவர்களையே சேர்த்துக்கொள்வது மனித இயல்பு. அப்போது யார் விடுபடுகிறார்கள்? கிழமைக்கு 100 ரூபாவும் கொடுக்க முடியாத விதவைத் தாய். காலையோ கையையோ இழந்தவர். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட குடும்பம். 1977, 1983 வன்செயல்களின்பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, சொந்தக் காணி இன்றிக் கூலி வேலை செய்து, பின்னர் போரில் மீண்டும் இடம்பெயர்ந்த குடும்பம். நம்மை அரசாங்கம் ஒதுக்குகிறது என்று முறையிடும் நாமே நமக்குள் ஒருவரை ஒதுக்கினால், நம் முறைப்பாட்டுக்கு என்ன பெறுமதி? சேமிப்புத் தொகையை ஆக வறியவரால் முடிந்த அளவுக்கு வைப்பதே இதற்கு மருந்து. 20 ரூபாவில் தொடங்கும் குழு 100 ரூபாக் குழுவைவிடத் தாழ்ந்ததன்று.

4. கடன் பொறி. குழு என்ற பெயரிலேயே நடந்த இன்னொரு கதையும் நமக்குத் தெரியும். 2009இல் போர் முடிந்தபின் நுண்கடன் கம்பனிகள் பல வடக்கிலும் கிழக்கிலும் கிளை பரப்பின. பெண்களைக் குழுக்களாக்கி, ஒருவருக்கு மற்றவரைப் பிணை வைத்து, உயர்ந்த வட்டிக்குக் கடன் கொடுத்தன. கிழமை தவறாமல் வாசலில் வந்து நின்றன. போகத்துக்கு ஒருமுறை வருமானம் காணும் கமக்காரக் குடும்பத்தால் கிழமைத் தவணை கட்ட முடியுமா? ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் எடுத்தவர்கள் எத்தனை பேர்! 2018இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை போயிற்று. அங்கே குழு கழுத்தில் கட்டிய கயிறு. சுயஉதவிக் குழுவில் நிதி உறுப்பினருடையது. வட்டியை அவர்களே தீர்மானிப்பர். அது அவர்களிடமே திரும்பி வரும். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென எண்ணி ஏமாந்துவிடலாகாது.

கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை

மானியம் தர யாராவது முன்வந்தால் நன்றி சொல்லலாம். அதேவேளை கேள்வியும் கேட்கலாம். கேட்பது நன்றி கெட்ட செயல் ஆகாது.

அ. இந்தப் பணம் மானியமா, கடனா? கடனென்றால் வட்டி எவ்வளவு, தவணை எப்போது என்பது தமிழில் எழுத்தில் உண்டா?

ஆ. எதற்குச் செலவிடுவது என்பதை நாங்கள் தீர்மானிக்கலாமா? அல்லது கோழிக்கென்று வந்த காசு கோழிக்கே போக வேண்டுமா?

இ. பணம் எங்கள் குழுவின் வங்கிக் கணக்குக்கு வருமா? அல்லது பொருளாக, யாரோ தெரிந்த கடையிலிருந்து வருமா?

ஈ. எத்தகைய கணக்கு எதிர்பார்க்கப்படுகிறது? எங்கள் பிள்ளைகள் எழுதக்கூடிய எளிய கணக்கு போதுமா?

உ. திட்டம் முடிந்தபின் மிஞ்சும் பணமும் பொருளும் யாருக்குச் சொந்தம்?

இந்த ஐந்துக்கும் தெளிவான விடை தருபவர் நம்மை மனிதராக மதிப்பவர். விடை தரத் தயங்குபவரிடம் அவசரப்பட வேண்டாம். கொடுப்போருக்கும் ஒரு சொல்: நூறு பக்க விண்ணப்பமும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆங்கிலத்தில் அறிக்கையும் கேட்டால், படித்த ஒருவரின் கைக்குள் குழு போய்விடும். சிறு தொகைக்குச் சிறு தாளே பொருத்தம்.

மானியத்தால் ஆகாதது

“எங்களுக்கு எங்கள் காணி வேண்டும். இந்தச் சில்லறைக் காசு எதற்கு?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சிறு மானியம் காணிக்கு ஈடாகாது. பறிபோன வயலையும், தூர்ந்துபோன குளத்தையும், உரிமையையும் ஒரு சுழல் நிதியால் வாங்க முடியாது. காணியை மீளக் கொடுப்பதும், மாற்றுக் காணி வழங்குவதும், வீதி, பள்ளிக்கூடம், வைத்தியசாலை அமைப்பதும் அரசின் கடமை. “மக்கள் தாமே பார்த்துக்கொள்கிறார்கள்” என்று சொல்லி அரசு கைகழுவ இந்தக் குழுக்கள் ஒரு சாட்டாகிவிடக் கூடாது.

ஆனால் பம்பாய்ப் பெண்களை மீண்டும் எண்ணிப் பாருங்கள். 1985இல் அவர்கள் தங்களை எண்ணினார்கள். அவர்களுடைய உரிமையைக் கொள்கையாக ஏற்க அரசுக்கு 1995 வரை சென்றது. அந்தப் பத்து ஆண்டுகளும் அவர்கள் சிதறிப்போகாமல் காத்தது எது? நாளுக்கு ஒரு ரூபாவும், அதை வாங்க வாசலுக்கு வரும் அயல்வீட்டுப் பெண்ணும்தான். நீண்ட காத்திருப்பில் மக்கள் தளர்வது பசியால் மட்டுமன்று. ஒருவரையொருவர் காணாமல், பேசாமல், தனித்தனியே வரிசையில் நின்று தளர்கிறார்கள். கிழமைக்கு ஒருமுறை கூடுகின்ற குழு அந்தத் தளர்ச்சியைத் தடுக்கிறது. காணிக் கச்சேரிக்கு ஒருவர் போனால் மனு. பன்னிரண்டு குடும்பம் பெயர்ப்பட்டியலோடும் கணக்கோடும் போனால் கோரிக்கை.

ஆகவே மானியம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கிழமையே பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் ஒரு மரத்தடியில் கூடலாம். ஒரு கொப்பி வாங்கலாம். முதற் பக்கத்தில் குடும்பங்களின் பெயர், விட்டு வந்த ஊர், காணியின் அளவு, கையிலுள்ள பத்திரங்கள் ஆகியவற்றை எழுதலாம். இரண்டாம் பக்கத்தில் அன்றைய சேமிப்பு, அது 20 ரூபாவாயினும், எழுதலாம். மூன்றாம் பக்கத்தில், இன்று இங்கு வராத குடும்பம் எது, ஏன் வரவில்லை என்று எழுதி, அடுத்த கிழமைக்குள் ஒருவர் போய் அழைத்து வரலாம்.

விதைநெல் எப்போதாவது வரும். அது வரும் நாளில் நிலம் பண்பட்டிருக்க வேண்டும்.